ஈட்டன் குடும்பம்: ஒரு கடையின் நூற்றுமுப்பது ஆண்டுகள்

சில வருஷங்களுக்கு முன் கனடா நாட்டு டொரண்டோ நகரத்துக்கு, என் தங்கை மகள் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து ஏராளமான தமிழர்கள் சென்று குடியேறிய ஊர் அது. தமிழ் எழுத்துப் பலகை போட்ட கடைகளையெல்லாம் ஆசையோடு பார்த்துவிட்டு, நகரத்தின் நடுவே யங் தெருவில் உள்ள பெரிய வணிக வளாகத்துக்குப் போனோம். கண்ணாடிக் கூரை. அதன் கீழே காட்டு வாத்துகள் கூட்டமாகப் பறப்பதுபோல் சிற்பங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வாசலில் ‘டொரண்டோ ஈட்டன் சென்டர்’ என்று பெயர்.

“இதில் ஈட்டன் கடை எது?” என்று கேட்டேன். “அது வெறும் பேர்தான் மாமா. அந்தப் பேரில் கடையெல்லாம் இப்போ கிடையாது” என்றாள்.

கடைக்காரனுக்கு இது சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போகிற பதில் அல்ல. என் தகப்பனாரும் பெரியப்பாவும் 1962இல் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பம்பாய் வந்து செம்பூரில் பாத்திரக் கடை போட்டார்கள். நான் நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கல்லாவில் உட்கார்ந்தவன். பெயர் நிற்கிறது, கடை இல்லை என்றால் நடுவில் என்ன நடந்தது? ஊர் திரும்பியதும் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். தாய்நாட்டை விட்டுப் பிழைக்கப் போன ஒருவனின் கதை என்பதால் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

கவுன்டருக்கு அடியில் படுத்த பையன்

டிமதி ஈட்டன் 1834இல் அயர்லாந்தின் வடபகுதியில், பாலிமீனா ஊருக்கு அருகே, ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைசி. அவர் பிறப்பதற்கு முன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். பதின்மூன்று வயதில் பக்கத்து ஊர்க் கடையொன்றில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அயர்லாந்தே பஞ்சத்தில் தவித்த காலம் அது. பகலெல்லாம் எடுபிடி வேலை, இரவில் அந்தக் கவுன்டருக்கு அடியிலேயே படுக்கை. ஐந்து வருஷம் இப்படியே ஓடிற்று.

1854இல், இருபதாவது வயதில், கப்பலேறி கனடா போனார். அண்ணன்மார்கள் முன்பே அங்கே போயிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து ஒன்டாரியோ மாகாணத்தின் சின்ன ஊர்களில் கடை நடத்தினார். கிராமத்துக் கடை எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. விவசாயி கடனுக்கு வாங்குவான். அறுவடை ஆன பிறகு கொடுப்பான். விளைச்சல் பொய்த்தால் கணக்கு அடுத்த வருஷப் பேரேட்டுக்குப் போகும். கடைக்காரன் அந்த வட்டியையும் வராக்கடனையும் சேர்த்துத்தான் விலை சொல்வான். வாங்குகிறவனுக்கும் அது தெரியும், அதனால் பேரம் பேசுவான். இரண்டு பக்கமும் பொய்யில் ஆரம்பித்து நடுவில் எங்கேயோ சந்திப்பார்கள்.

1869 டிசம்பரில் டிமதி டொரண்டோ வந்து, யங் தெரு 178ஆம் எண்ணில் இருந்த ஜவுளிக் கடையை 6,500 டாலருக்கு வாங்கினார். 24 அடி அகலம், 60 அடி நீளம். நம் செம்பூர்க் கணக்கில் கொஞ்சம் பெரிய கடை, அவ்வளவுதான்.

ரொக்கம், ஒரே விலை, திருப்தி இல்லையேல் பணம் வாபஸ்

அந்தச் சின்னக் கடையில் அவர் வைத்த சட்டம் மூன்று. ஒன்று, ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை. இரண்டு, எல்லோருக்கும் ஒரே விலை, பேரம் கிடையாது. மூன்று, பொருள் திருப்தியாக இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருவது. இவற்றை அவரே கண்டுபிடித்தார் என்று சொல்லக்கூடாது. பாரிஸ் நகரத்தில் பூசிக்கோ என்பவர் ‘போன் மார்ஷே’ கடையில் 1850களிலேயே இவற்றை நடத்திக் காட்டியிருந்தார். ஆனால் கடனும் பேரமும் பழகிய டொரண்டோவில் இதைச் செய்யத் துணிச்சல் வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்கள், இவன் சீக்கிரம் மூட்டை கட்டிவிடுவான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் கவனியுங்கள். ரொக்கமாக விற்றால் கையில் பணம் இருக்கும். கையில் பணம் இருந்தால் மொத்த வியாபாரியிடம் கடன் கேட்டு நிற்க வேண்டாம். உற்பத்தி செய்கிறவனிடமே நேரே போய் மலிவாகக் கொள்முதல் செய்யலாம். ஒரே விலை என்று ஆகிவிட்டால் பேரம் பேசத் தெரிந்த கைதேர்ந்த ஆள் வேண்டியதில்லை. நேற்றுச் சேர்ந்த பெண்ணும் விலைச் சீட்டைப் பார்த்து விற்கலாம். ஆகவே நூறு பேரை வைத்து, நூறு வகைச் சரக்கை ஒரே கூரையின் கீழ் விற்கலாம். டிபார்ட்மெண்ட் ஸ்டோர் என்கிற வியாபாரமே இந்த விலைச் சீட்டின் மேல்தான் நிற்கிறது. கடைக்காரன் முகத்தைப் பார்க்காமலே வாங்கலாம் என்ற தைரியத்தைத் தந்தது மூன்றாவது சட்டம்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடை பில் புத்தகத்தில் அடியிலே ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று மூன்று பாஷையில் அச்சடித்திருந்தோம். பல வருஷத்துக்கு முன் ஓர் அம்மாள் வாங்கிப் போன பித்தளைக் குடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. மறுநாளே கொண்டுவந்தார். நான் பில்லைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் அவரும் வரவில்லை, அதே தெருவில் இருந்த அவருடைய இரண்டு தங்கைகளும் வரவில்லை. முந்நூறு ரூபாயைக் காப்பாற்றி மூன்று வீட்டை இழந்தேன்.

டிமதி மெதடிஸ்ட் கிறிஸ்தவர், கண்டிப்பான மனிதர். மதுவும் புகையிலையும் தன் கடையில் விற்கமாட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காட்சி ஜன்னல்களுக்குக்கூடத் திரை போட்டு மூடிவிடுவார்கள். அந்த வழக்கம் அவருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நடந்தது. எங்கள் சமண வீடுகளில் பிள்ளைக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கும்போது எதை விற்கலாம் என்பதற்கு முன்னால் எதை விற்கக்கூடாது என்றுதான் சொல்வார்கள். அதனால் இந்த மனிதரின் பிடிவாதம் எனக்கு உடனே புரிந்தது. இரவு வெகுநேரம் கடை திறந்திருந்த காலத்தில் சிப்பந்திகளுக்காக நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, மாலை ஆறு மணிக்குக் கடை சாத்தியவரும் அவர்தான்.

தபாலில் வந்த கடை

1884இல் 32 பக்கத்தில் ஒரு விலைப்பட்டியல் அச்சடித்து, டொரண்டோ கண்காட்சிக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அதுதான் ஈட்டன் கேட்டலாகின் ஆரம்பம். வருஷா வருஷம் அது தடித்துக்கொண்டே போயிற்று. கனடாவின் மேற்குச் சமவெளியில் அப்போதுதான் ரயில் போட்டு, ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களைக் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீடே பல மைல் தள்ளி. அந்தக் குடிசைகளுக்கு ஈட்டன் கேட்டலாக்தான் கடைத்தெரு. உடுப்பு, அடுப்பு, ஏர்க்கருவி, கல்யாண உடை எல்லாம் தபாலில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடு கட்டத் தேவையான மரத்தைக்கூட அளவாக அறுத்து ரயிலில் அனுப்பினார்கள். புதிதாக வந்தவர்கள் படத்தையும் பெயரையும் சேர்த்துப் பார்த்து ஆங்கிலம் படித்தார்கள். பழைய கேட்டலாகைப் பையன்கள் காலில் கட்டிக்கொண்டு ஐஸ் ஹாக்கி ஆடினார்கள்.

ரோக் காரியே என்ற பிரெஞ்சு கனடிய எழுத்தாளரின் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. மாண்ட்ரியால் அணியின் சட்டை கேட்டு அம்மா ஈட்டனுக்கு எழுதுகிறாள். எதிரி அணியான டொரண்டோவின் சட்டை வந்து சேர்கிறது. பையன் படுகிற பாடுதான் கதை. 2002இல் வந்த கனடாவின் ஐந்து டாலர் நோட்டில் அந்தக் கதையின் சில வரிகளை அச்சடித்தார்கள். ஒரு கடை, நாட்டின் ஞாபகத்தில் எவ்வளவு ஆழமாகப் போய் உட்கார்ந்தது பாருங்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவள் முன்பணம் அனுப்புகிறாள் என்றால், பிடிக்கவில்லையென்றால் திருப்பிவிடலாம் என்ற அந்த ஒரு வாக்கை நம்பித்தான்.

மகன், அண்ணன் மகன், பேரன்

வாரிசு என்று டிமதி நினைத்திருந்த மூத்த மகன் எட்வர்ட் 1900இல் நோயால் இறந்தார். கடைசி மகன் ஜான் கிரெய்க் தொழிலுக்கு வந்தார். 1905இல் மேற்கே வின்னிபெக் நகரில் பெரிய கடை திறந்தது இந்த மகனின் முயற்சி. கிழவருக்கு அதில் தயக்கம்தான். ஆனால் மகன் கணக்கு சரியாக இருந்தது. 1907 ஜனவரியில் டிமதி காலமானபோது ஆயிரக்கணக்கான சிப்பந்திகள் இருந்த நிறுவனத்தை விட்டுப் போனார்.

ஜான் கிரெய்க் தகப்பனாரைப் போலச் சிக்கனக்காரர் அல்ல. ஐம்பது அறை மாளிகை, உல்லாசக் கப்பல், சொந்த ரயில் பெட்டி எல்லாம் வைத்திருந்தார். ஆனால் மனசும் பெரிசு. முதல் உலகப் போருக்குப் போன சிப்பந்திகளில் கல்யாணமானவர்களுக்கு முழுச் சம்பளமும் மற்றவர்களுக்குப் பாதிச் சம்பளமும் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1915இல் ‘சர்’ பட்டம் வந்தது. 1917 டிசம்பரில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து ஊரே நாசமானபோது, ரயில் நிறைய நிவாரணச் சாமான்களோடு தானே போய் இறங்கினார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது வரலாறு ஆகாது. 1912இல் ஈட்டன் தையல் தொழிற்சாலையில் ஒரு வேலைநிறுத்தம். உள்துணி தைப்பதையும் சேர்த்து மெஷினிலேயே முடித்துவிடும்படி ஆண்களுக்கு உத்தரவு. அதனால் கையால் தைத்து வந்த பெண்களுக்கு வேலை போகும். பெண்களின் பிழைப்பைப் பறிக்கமாட்டோம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெரும்பாலும் யூதர்கள், வேலையை நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் போராடித் தோற்றார்கள். 1934இல் அரசாங்க விசாரணைக் குழுவின் முன் தையல்காரப் பெண்களின் கூலிக் கணக்கு வெளிவந்தபோதும் ஈட்டன் பெயர் அடிபட்டது. வாடிக்கைக்காரருக்குக் கொடுத்த வாக்கு, மலிவு விலை என்ற பெயரில், தைத்தவளின் தலையில் விடிந்திருக்கிறது. மலிவாக விற்கிற எவனும் இதை யோசிக்க வேண்டும்.

1922இல் ஜான் கிரெய்க் நாற்பத்தைந்து வயதில் நிமோனியாவில் இறந்தார். பிள்ளைகள் சிறியவர்கள். தலைமை யாருக்கு? டிமதியின் அண்ணன் மகன் ராபர்ட் யங் ஈட்டன் வந்து உட்கார்ந்தார். அயர்லாந்தில் பிறந்து, கம்பெனியின் லண்டன் ஆபீசில் வேலை பார்த்து மேலே வந்தவர். ஆடம்பரம் இல்லாதவர். இருபது வருஷம் நடத்தினார். பொருளாதார மந்தம் வந்து பெரிய பெரிய கடைகள் ஆட்டம் கண்ட காலம் அது. அவர் மாண்ட்ரியாலில் கடை வாங்கினார்; டொரண்டோவில் 1930இல் இன்னொரு மாளிகைக் கடை திறந்தார். அந்த 1930 வாக்கில் கனடாவின் டிபார்ட்மெண்ட் ஸ்டோர் விற்பனையில் பாதிக்கு மேல் ஈட்டன் கையில் இருந்தது.

ஆனால் ஜான் கிரெய்க்கின் உயில்படி, தலைவர் நாற்காலி அவருடைய மகன்களில் ஒருவருக்குச் சேர வேண்டியது. 1942இல் இரண்டாவது மகன் ஜான் டேவிட் பொறுப்பேற்றார்; ராபர்ட் யங் எழுந்து இடம் விட்டார். எனக்கு இந்தச் சரித்திரத்தில் மனசில் தைத்த மனிதர் இவர்தான். கடையை மிக உயரத்தில் கொண்டு நிறுத்தியவர். ஆனால் ரத்த வழியில் ஒரு படி தள்ளி இருந்தவர்.

மஞ்சள் கடுதாசி

ஜான் டேவிட் காலத்தில் கடை நாடு முழுக்கப் பரவிற்று. 1969இல் அவர் விலகியபின் எட்டு வருஷம் குடும்பத்துக்கு வெளியே இருந்த நிர்வாகிகள் நடத்தினார்கள். 1976இல், நஷ்டம் தாங்காமல், 92 வருஷத்துக் கேட்டலாகை நிறுத்தினார்கள். சுமார் 9,000 பேருக்கு அதனால் வேலை போயிற்று. 1977இல் நான் பார்த்த அந்த ஈட்டன் சென்டர் திறந்தது. அதே வருஷம் நிர்வாகம் திரும்பவும் குடும்பத்தின் கைக்கு வந்தது. ஜான் டேவிட்டுக்கு நான்கு மகன்கள். முதலில் ஃபிரெட்ரிக், 1988 முதல் கடைசித் தம்பி ஜார்ஜ் தலைவர். ஜார்ஜ் இளமையில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய வீரர். குடும்பத்துக்கு டெலிவிஷன் கம்பெனியிலும் பங்கு இருந்தது. பணம் பல வழியில் வந்தது. கவனமும் பல வழியில் போயிற்று.

1991இல், பொருளாதார மந்தத்தின் நடுவே, இனித் தள்ளுபடி விற்பனையே கிடையாது, தினமும் ஒரே நியாய விலை என்று அறிவித்தார்கள். கேட்டால் தாத்தாவின் அப்பா சொன்னது மாதிரியே இருக்கும். ஆனால் அன்றைக்கு டிமதியின் விலை நிஜமாகவே மலிவு. அதற்குப் பின்னால் கொள்முதல் சாமர்த்தியம் இருந்தது. இப்போது பலகை மட்டும் மாறியது. வாடிக்கைக்காரர்கள் தள்ளுபடி கொடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். 1994இல் அமெரிக்க வால்மார்ட், வூல்கோ என்ற கம்பெனியின் 122 கடைகளை வாங்கிக் கனடாவுக்குள் நுழைந்தது. பழைய சரக்கும் பழைய கட்டடமுமாக இருந்த ஈட்டன், விற்பனையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. குடும்பக் கம்பெனி என்பதால் வெளியார் யாருக்கும் கணக்கு காட்ட வேண்டியதில்லை. நோய் முற்றும்வரை வெளியே தெரியவில்லை.

1997 பிப்ரவரியில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். அரண்மனையில் விரிசல் கண்டதுபோல் நாடே திகைத்தது. 1998இல் பங்கு ஒன்று 15 டாலருக்குப் பொதுமக்களிடம் விற்றார்கள். அது ஒரு டாலருக்கும் கீழே போயிற்று. 1999 ஆகஸ்டில் திவால். அப்போது வேலையில் இருந்தவர்கள் சுமார் 13,000 பேர். பெரும்பாலோர் வீட்டுக்குப் போனார்கள். சியர்ஸ் கம்பெனி பெயரையும் சில கடைகளையும் வாங்கி நடத்திப் பார்த்தது. 2002இல் அந்தப் பெயரும் போயிற்று. அந்த சியர்ஸ் கனடாவே 2018இல் கடை மூடியது. 1670இல் ஆரம்பித்த ஹட்சன்ஸ் பே கம்பெனியின் கடைகளும் 2025இல் மூடின. ஆகவே ஈட்டன் பிள்ளைகள்மேல் மட்டும் பழி போடுவது நியாயமல்ல, காலமும் மாறியது. ஆனால் மற்றவர்களைவிடப் பதினெட்டு வருஷம் முந்தி விழுந்ததற்குக் காலத்தைக் குறை சொல்ல முடியாது.

1919இல், கடையின் ஐம்பதாவது வருஷத்தில், சிப்பந்திகள் காசு சேர்த்து டிமதிக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்த சிலை. காலைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று ஜனங்கள் தேய்த்துத் தேய்த்துப் பாதத்தின் முனை பளபளக்கிறது. இப்போது அது டொரண்டோவின் ராயல் ஒன்டாரியோ மியூசியத்தில் இருக்கிறது. கடைச் சொத்து மியூசியத்துக்குப் போய்விட்டது.

நமக்கு

மூன்று தலைமுறைக்கு மேல் செல்வம் நிற்காது என்று நம் பெரியவர்கள் சொல்வதற்கு இதை உதாரணமாகக் காட்டலாம். ஆனால் ஈட்டன் நான்கு தலைமுறை நின்றது. நின்ற காலமெல்லாம், கல்லாவில் உட்கார்ந்தவனுக்குச் சரக்கும் சிப்பந்தியும் வாடிக்கைக்காரரும் தெரிந்திருந்தார்கள். கடை சொத்தாக மட்டும் ஆனபோதுதான் சரிந்தது. வீட்டையும் நகையையும் எழுதிவைக்கலாம். வாடிக்கைக்காரருக்குக் கொடுத்த வாக்கை எழுதிவைக்க முடியாது. தினமும் கடைக்கு வருகிறவன்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

இதை ஊருக்கு உபதேசமாக நான் சொல்லவில்லை. என் அண்ணன் மகன் இருபத்திரண்டு வருஷமாக எங்கள் கடையைப் பார்த்துக்கொள்கிறான். என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். எனக்குப் பின் யார் என்ற கேள்வியைப் பல வருஷம் தள்ளிப் போட்டேன். ராபர்ட் யங் ஈட்டனைப் பற்றிப் படித்த பிறகு தள்ளிப்போட மனசு வரவில்லை. மகனைக் கூப்பிட்டு, “லாபத்தில் உனக்குப் பங்கு உண்டு, நிர்வாகம் அண்ணனுக்கு. பத்திரத்தில் அப்படித்தான் எழுதப்போகிறேன்” என்றேன். “சரிப்பா, எனக்கும் அதுதான் நிம்மதி” என்றான். என் வீட்டு அம்மாளுக்கு மட்டும் இன்னும் முழுசாக மனசு ஒப்பவில்லை. பெற்ற மனசு, அதை நான் தப்பு சொல்லமாட்டேன்.

பத்திரம் எழுதின அன்று அண்ணன் மகன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “சித்தப்பா, பில் புத்தகம் புதுசாக அடிக்கணும். அந்த வாபஸ் இல்லை வரியை எடுத்துடலாமா?” எடுத்துவிட்டோம். இப்போது எங்கள் பில்லில், ஏழு நாளைக்குள் பில்லோடு கொண்டுவந்தால் மாற்றித் தருவோம் என்று இருக்கிறது. போன தீபாவளி வியாபாரத்தில் அப்படித் திரும்பி வந்தது மொத்தம் பதினோரு சாமான். வந்தவர்களில் பாதிப்பேர் மாற்றிக்கொண்டு போகும்போது வேறு ஏதாவது வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.